இலை வைக்கிற நேரம்

முதல்ல ஒண்ணு சொல்லிருங்க தம்பி. நீங்க பேரூராட்சியில இருந்து வரலைல்லா? வீடு பாக்க வந்தேன்னு சொல்லிக்கிட்டு உள்ள வந்து, பக்கத்து வீட்டு நாய் வெளிய வருதா, யாரு அவுத்து விடுதான்னு வாயைப் பிடுங்குத ஆளுங்க இந்தத் தெருவுல இப்ப ஜாஸ்தி. பேங்க்ல வேலையா? தென்காசியில இருந்து மாத்தலா? சரி, நம்புதேன். ஐடி கார்டெல்லாம் வேண்டாம், உள்ள வைங்க... கையில எடுத்துட்டிய, அப்ப காட்டுங்க. ம். போட்டோவுல மீசை இருக்கு. எடுத்துட்டியளா? எப்ப எடுத்திய? சரி, சரி. சும்மா கேட்டேன்.

கோவிச்சுக்கிடாதீங்க. நான் போக்குவரத்துக் கழகத்துல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். ஆறுமுகநயினார்னு பேரு. அம்பாசமுத்திரம் ரோட்டுல ஓடுத பஸ்ஸை நடுவழியில கை காட்டி நிறுத்தி ஏறுவோம்லா, அந்த ஆளு. ஏறின உடனே நான் டிக்கெட்டைக் கேக்க மாட்டேன், மொகத்தைப் பாப்பேன். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளிய பாப்பான். பாஸ் முடிஞ்சவன் தூங்குத மாதிரி கண்ணை மூடிக்கிடுவான். எல்லாரையும் விட மோசம் சிரிக்கவன். நம்மளைப் பாத்து சிரிக்கான்னா அவன்கிட்ட டிக்கெட் இல்லைன்னு அர்த்தம். என் சம்சாரம் உலகம்மா சொல்லுவா, "வீட்டுக்குள்ள வந்தா அந்தக் கண்ணைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வாங்க"ன்னு. கண்ணைக் கழட்ட முடியுமா?

மாடியைப் பாத்திட்டியளா? தண்ணிக்கு ஒரு குறையும் இல்ல. போர் தண்ணி, உப்பு கரிக்காது. என்னது, பின்பக்க ஜன்னலா? கேப்பியன்னு தெரியும். வாரவங்க எல்லாரும் அதைத்தான் கேக்காங்க. காத்து வருத ஜன்னலைப் போய் ஏன் அண்ணாச்சி தகரம் வச்சு அடைச்சிருக்கியன்னு. உக்காருங்க, காப்பி போட்டிருக்கேன். இதைச் சொல்லாம வாடகை பேச முடியாது.

உலகம்மா போய் ரெண்டு வருஷம் தாண்டிட்டு. ஒரே மக, புனேயில இருக்கா. வந்திருங்கப்பான்னு கூப்பிடத்தான் செய்யுதா. நான் போகல. போனா உலகம்மாவுக்கு யாரு சோறு வைக்கது?

அதைத்தான் சொல்ல வாரேன். காரியம் முடிஞ்ச மறுநாள்ல இருந்து நானே பொங்குதேன். வெள்ளென குளிச்சு, உலையை வச்சு, முத சோத்தைக் காக்காவுக்கு வைக்கேன். கொல்லையில, காம்பவுண்டுச் சுவரு மேல. துவைக்கிற கல்லுக்கு நேரா சுவரு கொஞ்சம் தாந்திருக்கும், அங்கன. வாழை இலைத் துண்டுல சோறு, அது மேல கொழம்பு, ஓரத்துல ஒரு கூட்டோ பொரியலோ. "கா, கா"ன்னு கூப்பிட்டுட்டு உள்ள வந்து கதவைச் சாத்திருவேன்.

நின்னு பாக்க மாட்டேன். எல்லாரும் காக்கா எடுக்கது வரைக்கும் நின்னு பாப்பாங்க. நான் பாக்க மாட்டேன். ஏன்னா உலகம்மா சாப்பிடுததை யாரும் பாக்கக் கூடாது. கல்யாணம் ஆன நாள்ல இருந்தே அப்படித்தான். எனக்குப் போட்டுட்டு, மகளுக்குப் போட்டுட்டு, பாத்திரத்தை எல்லாம் ஒதுக்கிட்டு, அடுக்களைக் கதவை ஒருக்களிச்சு சாத்திக்கிட்டு உக்காருவா. ஒருநா நான் தண்ணி எடுக்கன்னு சடார்னு உள்ள போயிட்டேன். தட்டை முந்தானையால மூடிட்டா. "யாரும் பாத்தா எனக்கு எறங்காது"ன்னா. என்ன சாப்பிட்டா, எவ்வளவு சாப்பிட்டா, எங்களுக்குப் போட்டது போக அவளுக்கு என்ன இருந்துச்சு, ஒண்ணும் எனக்குத் தெரியாது. பஸ்ஸு பஸ்ஸா ஏறி எறங்கினவன், அந்தத் தட்டைப் பாத்ததில்ல.

ஆனா இப்பத் தெரியும். கொஞ்ச நேரம் கழிச்சுக் கதவைத் திறந்தா இலை தொடைச்சு வச்ச மாதிரி இருக்கும். ஒரு பருக்கை கீழ கெடக்காது. காக்கா தின்னா இறைக்கும்லா அண்ணாச்சின்னு நீங்க கேப்பிய. எல்லாரும் கேக்காங்க. இறைக்குத காக்கா இறைக்கும். இவ பருக்கையை வீணாக்குதவ இல்ல. நெத்திலிக் கொழம்பு வச்ச அன்னைக்கு முள்ளுகூட மிச்சம் இருக்காது. காக்கா முள்ளைக் கடிச்சுத் திங்குமான்னு எனக்கும் ஒரு சந்தேகம் வந்துச்சு. அவ தங்கச்சிகிட்ட போன் போட்டுக் கேட்டேன். "அக்காவுக்கு நெத்திலின்னா உசுருல்லா அத்தான், முள்ளோட தின்னுருவா, உங்களுக்குத் தெரியாதா?"ன்னா. எனக்குத் தெரியாது. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அது எனக்கு எவ்வளவு ஆறுதல்னு சொன்னா உங்களுக்குப் புரியாது தம்பி. நான் பொங்கினதை அவ சாப்பிடுதா. உப்பு கூடிப் போனாலும் சாப்பிடுதா. சோறு குழைஞ்சாலும் சாப்பிடுதா. ஒரு நாளு மிச்சம் வச்சதில்ல. அந்த வெறும் இலையை எடுத்துப் போட்டுட்டு வந்துதான் எனக்கு நான் போட்டுக்கிடுவேன்.

இதுல வந்து குறுக்க விழுந்தது யாருங்கிய? இந்தப் பக்கத்து வீட்டு நர்ஸம்மாதான். ஜெயசீலின்னு பேரு, கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில வேலை. தனியாத்தான் இருக்கு. மொத மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. உலகம்மா படுத்த படுக்கையா கெடந்தப்போ ஊசி போட வந்துச்சு, காசு வாங்கல. நான் அப்பமே நெனைச்சேன், காசு வாங்காத ஆளு எதுக்கோ அடி போடுதுன்னு.

ஆடி மாசம்னு நெனைக்கேன். நான் இலையை வச்சுட்டு உள்ள வந்து கதவைச் சாத்தியிருக்கேன். வெளிய "ச்சூ! போ! போங்கேன்!"ன்னு சத்தம். கம்பால சுவத்துல அடிக்குத சத்தம். கதவைத் திறந்தா இலையில பாதிச் சோறு அப்படியே இருக்கு. சுவத்துக்கு அந்தப் பக்கம் இந்தம்மா கையில விளக்கமாத்தோட நிக்குது. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே! "ஏம்மா, என் சம்சாரத்தை விரட்டுதியே, நீ நல்லா இருப்பியா"ன்னு கத்திட்டேன். அந்தம்மா "அண்ணாச்சி, அது வந்து..."ன்னு இழுத்துச்சு. "என்ன வந்து? உங்க கிறிஸ்தவ வேதத்துல காக்காவுக்கு வைக்கது இல்லைன்னா எங்க வீட்டுக் காக்காவை விரட்டுவியோ?" அந்தம்மா என் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னுட்டு, "தப்புதான் அண்ணாச்சி, இனிமே விரட்ட மாட்டேன்"ன்னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு. சொன்ன மாதிரி அதுக்கப்புறம் விரட்டல. பயந்துட்டு.

அதுக்குப் பொறவு ஒருநா சுவரு வழியா கேக்குது, "அண்ணாச்சி, இலையை வச்சுட்டு ஒரு நாளாவது செத்த நேரம் நின்னு பாக்க மாட்டியளா?"ன்னு. எதுக்கு கேக்கு? என்னை வெளிய நிக்க வச்சுட்டு உள்ள எதையாவது நோட்டம் விடவா? "என் வழக்கம் எனக்கு"ன்னுட்டேன்.

இப்ப நாய்க்கு வாரேன். ஒரு கறுப்பு நாய் தம்பி. ஒரு காது நுனி கிழிஞ்சிருக்கும். வெள்ளென எங்க இருந்து வருமோ தெரியாது, நான் இலையை எடுக்கப் போகையில இந்தம்மா வீட்டு வாசல்ல போய்ப் படுத்துக்கிட்டு வாயை நக்கிக்கிட்டிருக்கும். அந்த நக்கல்தான் எனக்கு மொதல்ல சந்தேகத்தைக் கிளப்புச்சு. வயித்துக்கு ஒண்ணும் கிடைக்காத நாய் அப்படி நக்காது. யாரோ தினமும் போடுதாங்க. யாரு? வாசல்ல யாரு இருக்காங்களோ அவங்கதான்.

நான் செக்கிங்ல உக்காந்தேன். சும்மா இல்ல, முறையா. ஒருநா அந்த நாய் மூக்குல ஒரு சோத்துப் பருக்கை. இன்னொரு நாள் வாயோரத்துல மஞ்சள் கறை. புளிக்கொழம்பு தம்பி! அன்னைக்கு நானும் புளிக்கொழம்புதான் வச்சிருந்தேன். சரி, யதேச்சைன்னு விட்டேன். மறுவாரம் சொதி வச்சேன். தேங்காப்பாலு பிழிஞ்சு, இஞ்சித் தொவையல் அரைச்சு, எல்லாம் உலகம்மா பக்குவம். நாய் மீசையில தேங்காப்பாலு! அந்தம்மாகிட்டயே கேட்டேன், "நீங்க சொதி வைப்பியளா?" "எனக்கு சொதி வைக்கத் தெரியாதே அண்ணாச்சி." பொய் சொல்லும்போது கொஞ்சமாவது யோசிக்கணும்லா? என் அடுக்களை வாசனையைப் பிடிச்சு, நான் என்ன வைக்கேனோ அதையே வச்சு, நாய்க்குப் போட்டு, அந்த நாயை என் கொல்லைப் பக்கம் பழக்குதுன்னு புரிஞ்சுபோச்சு. எதுக்குன்னுதான் புரியல. காக்காவை விரட்ட முடியாததுக்கு நாயை வச்சு விரட்டப் பாக்குதோன்னு நெனைச்சேன். இந்த ரோட்டை அகலப்படுத்துதோம்னு மருத மரத்தை எல்லாம் வெட்டினதுக்கப்புறம் காக்காயே அபூர்வம். வருத ஒண்ணையும் நாய் விரட்டிட்டா?

அப்பத்தான் பேரூராட்சியில நாய்ச் சட்டம்னு ஒண்ணு கொண்டுவாரோம்னு தண்டோரா போடாத குறையா ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்லிட்டுப் போனாங்க. சமுதாயக் கூடத்துல கருத்துக் கேட்பு, எல்லாரும் வந்து அவங்கவங்க கருத்தைச் சொல்லுங்கன்னு. நான் மொத ஆளாப் போய் மொத வரிசையில உக்காந்துட்டேன்.

கூட்டமா அது? சந்தக்கடை. நிர்வாக அதிகாரி ஒரு சின்னப் பொண்ணு, புதுசா வந்திருக்கு. அது பாவம் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, "பொறுப்பாளர் இல்லாத எந்த நாயும் தெருவில் திரியக் கூடாது, அப்படித் திரிஞ்சா பிடிச்சு ஊருக்கு வெளிய கொட்டகையில அடைப்போம்"னு வாசிக்கு. ஒரு ரிட்டையர்டு தாசில்தார் எந்திரிச்சு, "எல்லாத்தையும் சுட்டுத் தள்ளணும்"கார். பின்னால இருந்து ஒருத்தன், "சுட்டா நீங்கதான் சார் உள்ள போவிய"ங்கான். பைக்ல போகும்போது நாய் குறுக்க வந்து விழுந்தவன் கைக்கட்டைத் தூக்கிக் காட்டுதான். இட்லிக்கடை பேச்சியம்மா எந்திரிச்சு, "அந்த நாய்ங்க கெடக்கதாலதான் பொம்பளை ஒத்தையில கடையை எடுத்து வச்சுட்டு வீடு போய்ச் சேருதேன், உங்க போலீஸு வந்தா துணைக்கு நிக்கு?"ன்னு கேட்டா. கை தட்டுனாங்க. தாசில்தாருக்கும் கை தட்டுனாங்க. அதே ஆளுங்க ரெண்டு பக்கமும் தட்டுதாங்க தம்பி, நான் கவனிச்சேன்.

அப்புறம் பொறுப்பாளர்னா யாருன்னு ஒரு பிரச்சினை. வாசல்ல படுத்தா பொறுப்பாளரா, வாலாட்டினா பொறுப்பாளரான்னு ஆளாளுக்கு. பேச்சியம்மா, "மிஞ்சுன இட்லியை வீசுதேன், எந்த நாய் திங்குதுன்னு நான் கண்டேனா? ஊரு நாய் அம்புட்டும் என் பேர்லயா?"ங்கா. அப்ப நான் எந்திரிச்சேன். மைக் கேட்டு வாங்கினேன்.

"ஒரு பஸ்ஸுல டிக்கெட் இல்லாம ஒருத்தன் நிக்க முடியாது. அதே மாதிரி ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பேரு வேணும். யாரு பேரு? சோறு போடுதவன் பேரு. வழியில போகும்போது வீசுததைச் சொல்லல. தினமும், ஒரே எடத்துல, ஒரே நேரத்துல சோறு வச்சா அது அவன் நாய். அவன் வாயால இல்லைன்னு சொன்னாலும் அவன் நாய்தான்." அந்த அதிகாரிப் பொண்ணு, "ரொம்பத் தெளிவா இருக்கு சார்"னு சொல்லி எழுதிக்கிட்டு. அது அப்படியே சட்டத்துல இருக்கு தம்பி. "நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் உணவு வைப்பவர்." பேரூராட்சி வாசல்ல ஒட்டியிருக்கான், போகும்போது பாருங்க. என் வார்த்தை.

"உதாரணத்துக்கு ஏதாவது நாய் சொல்லுங்க சார்"னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நான் விடுவனா? "எங்க தெருவுல ஒரு கறுப்பு நாய் இருக்கு. அதுக்கு தினமும் சோறு போடுதவங்க இங்கனயே இருக்காங்க. நர்ஸம்மா, எந்திரிங்க"ன்னேன்.

அந்தம்மா எந்திரிச்சுது. டூட்டி முடிஞ்சு யூனிபாரத்தோட வந்திருந்துச்சு. மொகம் செவந்துபோச்சு. எல்லார் முன்னாலயும் கேட்டுட்டேம்லா. கையில போனை எடுத்துக்கிட்டு, "அந்த நாய் எங்க திங்குதுன்னு என்கிட்ட வீடியோ இருக்கு அண்ணாச்சி. இங்கனயே எல்லாருக்கும் காட்டட்டா?"ன்னு கேட்டுச்சு. குரலு நடுங்குச்சு. குத்தம் உள்ள குரலு நடுங்கத்தான் செய்யும்.

"தாராளமாக் காட்டுங்க. எனக்கென்ன பயம்? அந்நேரம் நான் என் சம்சாரத்துக்கு இலை வச்சுட்டு வீட்டுக்குள்ள இருப்பேன். அவ சாப்பிட்டு முடிக்க வரைக்கும் கதவைத் திறக்க மாட்டேன். அவ போனதுல இருந்து ஒருநாள் தப்பினதில்ல. நான் வச்சதை அவளும் ஒருநாள் மிச்சம் வச்சதில்ல. உயிரோட இருக்கும்போது அவ சாப்பிட்டு நான் பாக்கல, இப்பத்தான் அவ வயிறு நெறையுதுன்னு எனக்குத் தெரியுது. என்கிட்ட ஒளிவு மறைவு கெடையாது. நீங்க காட்டுங்க"ன்னேன்.

அந்தம்மா போனைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுச்சு. "காட்டுங்கம்மா"ன்னு அதிகாரிப் பொண்ணு சொல்லுது. இது என்னைப் பாக்கு. போனைப் பாக்கு. அப்புறம் போனைப் பைக்குள்ள போட்டுட்டு, "சார்ஜ் இல்ல மேடம்"னுச்சு. சார்ஜ் இல்லையாம்! லைட்டு எரியுது தம்பி, பை ஓரத்துல வெளிச்சம் தெரியுது, நான் பாக்கேன். பைக்குள்ள டிக்கெட் இருக்கு, எடுக்க முடியலைன்னு சொல்லுவான்லா, அதே மொகம்.

"நாந்தான் போடுதேன். அந்த நாயை என் பேர்லயே எழுதிக்கிடுங்க"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டு. அவ்வளவுதான். ஒத்துக்கிட்டு. இத்தனை பேர் முன்னால, தன் வாயால. எனக்குப் பின்னால யாரோ மூக்கை உறிஞ்சுனாங்க. பேச்சியம்மா முந்தானையால கண்ணைத் தொடைச்சா. எதுக்கு அழுதாங்கன்னு எனக்கு இன்னும் பிடிபடல. என்னமோ எல்லாரும் ஒரு கட்சி மாதிரி இருந்துச்சு.

சட்டம் வந்துட்டு. கறுப்பு நாய்க்குக் கழுத்துப்பட்டை, அதுல ஒரு தகட்டு வில்லை. பேரு பதிஞ்ச நாயை வாசலுக்கு வெளிய விடக் கூடாது, சங்கிலியில கெடக்கணும். மீறினா நாயைப் பிடிச்சுட்டுப் போயிருவான். அந்தம்மா வீட்டுக் கொல்லையில கட்டிப் போட்டுச்சு. நான் சுவத்து மேல எக்கிப் பாத்துட்டு, கெட்டிதானான்னு சங்கிலியைக்கூட நோட்டம் விட்டுட்டு வந்தேன்.

மறுநாள் வெள்ளென இலை வச்சேன். "கா, கா"ன்னு கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன். திறந்தேன். இலை அப்படியே இருக்கு.

சரி, லேட்டா வருவான்னு விட்டேன். மத்தியானம் பாத்தா சோறு காஞ்சு, எறும்பு வரிசை கட்டி நிக்கு. அடுத்த நாளும் அப்படியே. அதுக்கடுத்த நாள் சொதி வச்சேன். தொடல. அம்பைக்குப் போய் நெத்திலி வாங்கிட்டு வந்து வச்சேன், முள்ளோட. தொடல. ஒரு அணில் வந்து பாத்துட்டுப் போச்சு. எனக்குச் சோறு இறங்கல தம்பி. என்ன தப்பு பண்ணினேன்? கூட்டத்துல வச்சு அவ பேரை இழுத்தது அவளுக்குப் பிடிக்கலையோ? யாரும் பாக்கக் கூடாதுங்கவ, அவ சாப்பாட்டை ஊருக்கே சொல்லிட்டேனே. இல்ல, இந்தம்மாதான் சுவத்துல டெட்டாலு கிட்டாலு தெளிச்சு வச்சிருக்கோன்னு மோந்துகூடப் பாத்தேன். ஒரு வாடையும் இல்ல.

ஒருநா காஞ்சுபோன இலையைக் கையில வச்சுக்கிட்டு துவைக்கிற கல்லுல உக்காந்து அழுதுட்டேன். மறைக்க என்ன இருக்கு? அவ செத்த அன்னைக்குக்கூட அப்படி அழல. அன்னைக்கு ஆளுங்க இருந்தாங்க. அழுது முடிச்சு நிமிந்தா சுவத்துக்கு அந்தப் பக்கம் இந்தம்மா துணி உலத்திக்கிட்டு நிக்கு. பாத்துட்டு. துணியைக் கொடியில போட்டுட்டு உள்ள போயிருச்சு.

மறுநாள் இலை வச்சு, கூப்பிட்டுட்டு, கதவைச் சாத்திட்டு நிக்கேன். வெளிய ஒரு சத்தம். கிலுக், கிலுக்னு. மெல்லிசா, தகட்டுல தகடு தட்டுத மாதிரி. துவைக்கிற கல்லு மேல ஏதோ ஏறுது. அப்புறம் சத்தம் இல்ல. அப்புறம் மறுபடி கிலுக், கிலுக், அந்தப் பக்கமாப் போகுது. நான் தாப்பாள் மேல கையை வச்சுக்கிட்டு நின்னேன். நானு, ஓடுத பஸ்ஸுல ஏறினவன். சடார்னு திறந்தா கையும் களவுமாப் பிடிச்சிரலாம். யாராயிருந்தாலும் பிடிச்சிரலாம்.

சத்தம் அடங்கினதுக்கு அப்புறம்தான் திறந்தேன். இலை தொடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு.

அன்னைக்கு நான் மூணு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

அதுல இருந்து தினமும் வாரா. இப்ப முன்னைவிடக் கூடுதலா ஒரு கை வைக்கேன், பசி ஜாஸ்தியாயிருக்குன்னு தோணுது. இந்தம்மாகூட எனக்குப் பேச்சுவார்த்தை கெடையாது. அது ஒத்துக்கிட்ட குத்தம் குத்தம்தான். ஆனா போன மாசம் சுவரு வழியா, ஆகாசத்தைப் பாத்துச் சொல்லுத மாதிரி, "கொழம்புல வெங்காயத்தை நிறுத்திருங்க அண்ணாச்சி, வெங்காயம் ஒத்துக்காது"ன்னுச்சு. "யாருக்கு ஒத்துக்காது?"ன்னேன். திரும்பி நாயைப் பாத்துச்சு. அப்புறம், "அக்காவுக்கு"ன்னுச்சு. பாத்தியளா திமிரை? என் சம்சாரத்துக்கு எது ஒத்துக்கிடும்னு இது சொல்லுது. உலகம்மா வெங்காயம் இல்லாம தாளிக்கவே மாட்டா. எனக்கு ரொம்ப நேரம் ஆத்திரம் அடங்கல.

வெங்காயத்தை நிறுத்திட்டேன். எதுக்கு வம்புன்னுதான்.

போன வாரம் பேரூராட்சியில இருந்து சுகாதார ஆளு வந்தான். யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான், கறுப்பு நாய் காலையில அவுந்து திரியுதுன்னு. "நீங்கதானே சார் அந்த விதியையே கொண்டுவந்தது, பக்கத்துலயே இருக்கிய, பாத்தியளா?"ன்னு என்கிட்ட கேட்டான். சுவத்துக்கு அந்தப் பக்கம் இந்தம்மா நாயைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கு. கறுப்பு நாய் என்னைப் பாத்து வாலாட்டுது. எதுக்கு என்னைப் பாத்து வாலாட்டுது? நான் அதுக்கு ஒரு வாய் போட்டதில்ல.

"நான் பாக்கல"ன்னேன். "உறுதியாவா சார்?"ன்னான். "இத்தனை வருஷம் செக்கிங் பண்ணினவன் சொல்லுதேன், பாக்கல. அது கட்டித்தான் கெடக்கு. போட்டுக்கிடுங்க"ன்னேன். அதுல பொய் இல்ல தம்பி. நான் எப்படிப் பாத்திருக்க முடியும்? கதவு சாத்தியிருக்கும்லா.

அந்த ஜன்னலுக்கு வாரேன். உங்களுக்கு முன்னால மாடியில ஒரு பையன் குடியிருந்தான், செல்போன் கம்பெனி. நல்ல பையன்தான். ஒருநா வெள்ளென அந்த ஜன்னல்ல பல்லு தேச்சுக்கிட்டு நின்னவன் விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டு கீழ ஓடி வாரான், "அண்ணாச்சி, அண்ணாச்சி, உங்க இலையில வந்து..."ன்னு. அவனைப் பேச்சை முடிக்க விடல. அன்னைக்கே அட்வான்ஸைக் கையில கொடுத்து அனுப்பிட்டேன். அப்புறம் தகரம் வாங்கிட்டு வந்து நானே ஏணி போட்டு அடிச்சேன்.

உங்களுக்கு வேணும்னா தகரத்தை எடுத்திருதேன். நல்ல காத்து, அதை ஏன் கெடுக்கணும். மத்தியானம் திறந்து வைங்க, சாயங்காலம் திறந்து வைங்க, யாரு வேண்டாம்னா? காலையில அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் சாத்தி வச்சிருங்க. கிலுக் கிலுக்னு ஒரு சத்தம் கேக்கும், அது போனதுக்கு அப்புறம் திறந்துக்கிடலாம். எட்டிப் பாக்காதீங்க. உங்க வீட்டம்மாகிட்டயும் சொல்லிருங்க.

யாரும் பாத்தா அவளுக்கு எறங்காது தம்பி.